மெல்லிய பட்டும் வீட்டுத் தையலும்: ஜவுளிக் கடைக்காரர் அறிய வேண்டியவை

நோன்புப் பெருநாள் நெருங்கும்போது கோலா கங்சார் கடைத்தெருவில் அதிகமாக விலைபோகும் சரக்கு எது என்று நம் ஜவுளிச் சகோதரர்களைக் கேட்டால், பாஜு குரோங் தைப்பதற்கான துணி என்றே பலரும் விடை கூறுவர். அதிலும் உடுத்தினால் காற்றில் அசைந்தாடும் மெல்லிய பட்டுக்கும், பட்டைப் போன்ற துணிகளுக்கும் தனி மவுசு உண்டு. ஆனால் துணியை விற்றதோடு நம் வேலை முடிந்தது என்று எண்ணுவோரே நம்மில் மிகுதி. அதை வாங்கிச் செல்லும் தாய்மார்கள் வீட்டில் என்ன பாடுபடுகிறார்கள் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பெருநாளுக்குப் பல வாரங்கள் இருக்கும்போதே தையற்காரர்கள் “இனி ஏற்பதற்கில்லை” என்று கைவிரித்து விடுகிறார்கள். ஆகவே காகித மாதிரி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, வீட்டு இயந்திரத்தில் தாமே தைத்துக்கொள்ளும் பெண்மக்கள் நம் வாடிக்கைக்காரர்களில் பலர்.

மெல்லிய பட்டு பெரும்பாலும் தையலில் கெடுவதில்லை. வெட்டில்தான் கெடுகிறது. அந்த முதல் வெட்டு விழுமிடம் நம் கடை மேசை. எனவே பட்டு தைக்கும் முறையை, தைக்கத் தெரியாத முதலாளியும் கடைச் சிப்பந்தியும்கூட ஓரளவு கற்றிருப்பது நன்று எனக் கருதி இப்பாடத்தை எழுதுகிறோம்.

முதலில் உடையின் அமைப்பு. பழைய முறை பாஜு குரோங்கில் வளைவான வெட்டு கழுத்தைத் தவிர வேறெங்கும் இல்லை. முன்னும் பின்னும் சேர்ந்த ஒரே நீளத் துண்டு உடலாகிறது. அதைத் தோளில் மடித்துப் போடுவார்கள். தோளில் தையலே கிடையாது. இரண்டு கைகளும் நேரான துண்டுகள். உடலின் இரு பக்கங்களிலும் மேலே குறுகியும் கீழே அகன்றும் இருக்கும் நான்கு துண்டுகள் சேரும். இவற்றை மலாய்க்காரர் ‘பெசாக்’ என்பர். கையும் உடலும் பெசாக்கும் சந்திக்கும் அக்குளில் சிறு சதுரத் துண்டு ஒன்று வைக்கப்படும். அதற்குக் ‘கெக்கேக்’ என்று பெயர். பார்வைக்கு அற்பமான துண்டுதான். ஆனால் கையை உயர்த்தும்போது துணி கிழியாமல் காப்பது அதுவே. கழுத்து இருவகைப்படும். நின்ற பட்டியுடையது ‘செக்காக் மூசாங்’. பட்டியில்லாத வட்டக் கழுத்தும் சிறு பிளவும் உடையது ‘தெலுக் பெலாங்கா’. ஜொகூரின் ஆட்சிபீடம் 1866-ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் தெலுக் பெலாங்காவிலிருந்து ஜொகூர் பாருவுக்கு மாறியதன் நினைவாக, பிற்காலத்தில் சுல்தானான அபூபக்கர் அவர்கள் அவ்வடிவத்தை ஏற்படுத்தினார் என்பது வழக்கு. அக்கழுத்தின் ஓரத்தில் நெருக்கமாகப் போடும் கைத்தையலை ‘தூலாங் பெலுட்’, அதாவது விலாங்கின் எலும்பு, என்று அழைப்பர். பெயருக்கேற்ப முள்வரிசை போலவே தோன்றும்.

இக்காலத்தில் ‘மொடேன்’ என்று வழங்கும் புது வெட்டும் இருக்கிறது. அதில் இடுப்புப் பிடிப்பு, வளைந்த கைக்குழி, முதுகில் ஜிப் எல்லாம் உண்டு. காகித மாதிரி இன்றி அதைச் சரியாக வெட்டுவது கடினம். அளவு வாரியாக அமைந்த காகித மாதிரிகளை 1863-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் எபினேசர் பட்டரிக் என்ற தையற்காரர் விற்பனைக்குக் கொண்டுவந்தார். சிங்கர் நிறுவனம் 1850-களிலேயே தவணை முறையில் தையல் இயந்திரம் விற்கத் தொடங்கியிருந்தது. இவ்விரண்டும் சேர்ந்துதான் தையலைக் கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தன எனலாம். நம் ஊருக்கு மாதிரி என்பது புதிதன்று. கோலா கங்சாரின் புகழ்பெற்ற ‘தெக்காட்’ வேலையைப் பாருங்கள். வெல்வெட்டின்மேல் அட்டையில் வெட்டிய பூ வடிவத்தை வைத்து, அதன்மேல் பொற்சரிகையை இங்குமங்கும் ஓட்டிப் பிடித்துத் தைக்கிறார்கள். அட்டை சரியாக வெட்டப்படாவிட்டால் எவ்வளவு உயர்ந்த சரிகையும் பூவாகாது. காகித மாதிரிக்கும் அதே நியாயம்.

எங்கள் கருத்து, மெல்லிய பட்டுக்குப் பழைய வெட்டே உகந்தது என்பதாகும். பட்டிழை வழுக்கலானது. உடலை இறுக்கிப் பிடிக்கும் தையலில் இழுப்பு விழுந்தால், நூல் அறாமலே இழைகள் மட்டும் தையலோரத்தில் விலகிப் பல்லிளித்து நிற்கும். முதுகிலும் அக்குளிலும் இந்த விலகலைப் பார்த்துவிட்டுத்தான் “உங்கள் துணி மட்டம்” என்று வாடிக்கைக்காரர் திரும்பி வருகிறார். துணி மட்டமன்று, இறுக்கம்தான் காரணம். தொளதொளப்பான பழைய குரோங்கில் இழுப்பு விழுவதற்கு இடமில்லை. எவ்வளவு மெல்லிய பட்டை ஒருவர் கேட்கிறாரோ, அவ்வளவு தளர்ந்த வெட்டை அவருக்குச் சிபாரிசு செய்யுங்கள்.

இனி, அளவுக்கு வருவோம். வியாபாரிக்கு மிகவும் வேண்டியது இப்பகுதியே.

45 அங்குல அகலத் துணியென்றால், மேலுடைக்கும் காயினுக்கும் சேர்த்து 4 மீட்டர் என்று கண்ணை மூடிக்கொண்டு கிழித்துக் கொடுப்பது நம் வழக்கமாகிவிட்டது. கணக்கைப் பாருங்கள். மேலுடையின் நீளம் 40 அங்குலம் என வைத்துக்கொண்டால், தோளில் மடியும் உடல் துண்டுக்கு அதைப்போல் இருமடங்கு 80 அங்குலம் வேண்டும். கீழ் மடிப்புகளுக்கு 3 அங்குலம் சேர்த்தால் 83. நான்கு மீட்டர் என்பது 157 அங்குலம். மிச்சம் 74. காயினுக்குச் சுற்றளவும் மடிப்பும் கிடைக்க வேண்டுமானால் இரண்டு அகலம் வைக்க வேண்டும். அப்போது ஒன்றுக்கு 37 அங்குல நீளம்தான் கிடைக்கிறது. இடுப்புப் பட்டிக்கும் அடிமடிப்புக்கும் அதிலிருந்தே கழிக்க வேண்டும். கைகளும் பெசாக்கும் கெக்கேக்கும் உடல் துண்டின் பக்கத்தில் மீந்த பட்டையிலிருந்து வரவேண்டும். குட்டையான பெண்மணிக்கு இது சரிப்படும். உயரமானவருக்கும், மேலுடை முழங்காலுக்குக் கீழே இறங்க வேண்டும் என்பவருக்கும், பருத்த உடலினருக்கும் போதாது. அவர் வீட்டில் மாதிரியைத் துணிமேல் விரித்த பின்புதான் அது தெரியவரும். மறுநாள் ஓடிவந்தால் அதே சாயத் துணி நம்மிடம் தீர்ந்திருக்கும்.

எனவே கத்தரிக்கோலை எடுக்குமுன், “உடுத்துபவர் யார்? நீளம் எவ்வளவு?” என்று கேட்டுவிடுங்கள். வேண்டுமானால் நாலரை மீட்டர் என்று துணிந்து சொல்லுங்கள். கூடுதலாக விற்கப் பார்க்கிறார் என்று முதலில் நினைப்பவரும், தைத்து முடித்தபின் நம்மை வாழ்த்துவார்.

பூப்போட்ட துணியில் இன்னொரு சங்கடம் மறைந்திருக்கிறது. தோளில் தையலில்லாமல் ஒரே துண்டாக மடிப்பதால், முன்புறத்தில் நிமிர்ந்து நிற்கும் பூ பின்புறத்தில் தலைகீழாகத் தொங்கும். எல்லாத் திசையிலும் இறைந்த பூவானால் தெரியாது. ஒரே திசையில் எழும் கொடி, மயில், கோபுரம் போன்றவை முதுகில் கவிழ்ந்து காட்சி தரும். அத்தகைய துணியைத் தோளில் வெட்டித் திருப்பித்தான் தைக்க வேண்டும். தோள் தையலுக்கும், பூக்களைப் பொருத்துவதற்கும் துணி அதிகம் பிடிக்கும். இதை விற்கும்போதே சொல்லிவிடுவது முறை.

மீட்டர் கோலில் அளக்கும் விதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிரேப், சிஃபான் போன்ற முறுக்கிழைத் துணிகள் இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். கோலோடு இழுத்துப் பிடித்து அளந்தால் வீட்டில் போய்க் குறையும். மேசைமேல் தளர விரித்துத்தான் அளக்க வேண்டும். அளவையில் குறைவு செய்வதை நம் மார்க்கம் எவ்வளவு வன்மையாகக் கண்டிக்கிறது என்பதை வர்த்தகச் சகோதரர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கை தெரியாமல் இழுத்துவிடுவதும் உண்டு என்பதாலேயே குறிப்பிட்டோம். நேர் நெசவுப் பட்டை ஓரத்தில் சிறிது வெட்டிக் கிழித்தால் ஊடையின் வழியே நேராகக் கிழியும், அது நல்லதே. சாட்டின், சிஃபான் இவற்றைக் கிழித்தால் இழை இழுபட்டு ஓரம் கெட்டுப்போகும். அங்கே ஒரு ஊடை நூலை உருவி, அந்தக் கோட்டின்மேல் கத்தரிப்பதே ஒழுங்கு.

பட்டின் கனத்தை ‘மோமே’ என்ற ஜப்பானிய அளவால் குறிப்பது உலக வழக்கு. ஒரு மோமே என்பது சதுர மீட்டருக்குச் சுமார் 4.34 கிராம். சிஃபான் பொதுவாக 6 முதல் 8 மோமே வரை இருக்கும். கிரேப் டி ஷின் 12 முதல் 16 வரை. தராசு வைத்திருக்கும் கடைக்காரர் இதைச் சுலபமாகச் சோதிக்கலாம். 115 செண்டிமீட்டர் அகலத்தில் 4 மீட்டர் என்றால் 4.6 சதுர மீட்டர். எட்டு மோமே பட்டானால் ஏறத்தாழ 160 கிராம் நிற்கும். பதினாறு மோமேயானால் 320. முதன்முறையாகப் பட்டு தைக்கும் ஒரு பெண்ணுக்கு 8 மோமே சிஃபானைக் கட்டிக் கொடுப்பது, நீந்தப் பழகாதவரைப் பேராற்றில் இறக்கிவிடுவதை ஒக்கும். கிரேப்பில் கை பழகட்டும்.

பட்டு என்று எழுதி ஒட்டியதெல்லாம் பட்டாகிவிடாது. இன்று சந்தையில் ‘சில்க்’ என்ற பட்டம் சூட்டிக்கொண்டு உலவுபவற்றில் பெரும்பகுதி பாலியெஸ்டர். அதை விற்பதில் குற்றமொன்றும் இல்லை. துவைக்கவும் உலர்த்தவும் எளிது, விலையும் சல்லிசு. பாலியெஸ்டர் என்று சொல்லி விற்க வேண்டும், அவ்வளவே. ஐயமிருந்தால் ஓரத்திலிருந்து சில இழைகளை உருவி நெருப்பில் காட்டுங்கள். உண்மைப் பட்டு முடி கருகும் வாசனையோடு மெதுவாக எரியும். சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாய் நிற்கும். ஆண்களின் பாஜு மெலாயுவுக்குத் துணி கேட்டு வருபவர்களிடம் இந்த வேறுபாட்டைச் சொல்வது மேலும் அவசியம். அசல் பட்டு நம் ஆண்களுக்கு ஆகாது என்பது யாவரும் அறிந்ததே.

இனித் தைக்கும் முறை. இப்பகுதியைக் கடைக்காரர் தம் வீட்டுப் பெண்மக்களிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாலும் சரியே.

துவைக்கத்தக்க பட்டானால், வெட்டுமுன் மிதமான சோப்பு நீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். சுருங்குவதெல்லாம் தைக்குமுன் சுருங்கிவிடட்டும். சாயம் போகுமா என்பதை ஒரு மூலையை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்துக்கொள்க. இஸ்திரிப் பெட்டி மிதமான சூட்டில், துணியின் உள்புறத்தில், மேலே மெல்லிய பருத்தித் துணி ஒன்றைப் போட்டுச் செல்லட்டும். தண்ணீர்த் துளி தெறித்தால் சில பட்டுகளில் கறைபோல் நின்றுவிடும்.

வழுக்கும் துணியை வெட்டுவதற்கு, மேசைமேல் ஒரு பருத்தி விரிப்பை இழுத்துக் கட்டி, அதன்மேல் மெல்லிய வெள்ளைக் காகிதத்தை விரித்து, அதன்மேல் பட்டைப் பரப்ப வேண்டும். செய்தித்தாள் உதவாது, மை ஒட்டும். துணியின் கரையோரமும் காகிதத்தின் ஓரமும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பார்த்தாலே பாவு நேராக இருக்கிறதா என்பது விளங்கும். இரட்டையாக மடித்து வெட்டுவது வேகமான வேலைதான். ஆனால் அடியிலுள்ள மடிப்பு நமக்குத் தெரியாமல் நகர்ந்து, இடக்கை ஒரு விதமும் வலக்கை ஒரு விதமுமாக முடியும். ஒற்றையாகவே வெட்டுக. மாதிரியில் ‘மடிப்பின்மேல்’ என்று குறித்திருந்தால், அதை இன்னொரு காகிதத்தில் முழு வடிவமாக வரைந்து கொள்ளலாம். குண்டூசிகள் மிக மெல்லியவையாக இருக்கட்டும். அவற்றையும் தையலுக்கு விட்ட ஓரத்துக்குள்ளேயே குத்துக. பட்டில் குத்திய துளை ஆறுவதில்லை. காகிதத்தையும் பட்டையும் சேர்த்தே கத்தரித்தால் துணி ஓடாது. துவைத்தால் கெடாத துணிக்கு, நீர்த்த அரிசிக் கஞ்சி போட்டு விறைப்பாக்கி வெட்டித் தைத்து, பின்பு அலசிவிடுவதும் ஒரு வழி. ஒரு துண்டில் சோதித்துவிட்டே முழுத் துணிக்கும் போடவேண்டும்.

இயந்திரத்துக்குப் புதிய ஊசி, 9-ஆம் நம்பர். மழுங்கிய ஊசி இழையை இழுத்துக் கோடு போட்டுவிடும். அங்குலத்துக்கு 12 முதல் 15 தையல்கள் விழட்டும். நம் வீடுகளில் மூலையில் கிடக்கும் பழைய மிதி இயந்திரத்தை இளைஞர் சிலர் ஏளனமாகப் பார்க்கின்றனர். மெல்லிய பட்டுக்கு அதுவே மேல். அதன் தகட்டில் ஊசி இறங்கும் துளை சிறிய வட்டம். ஜிக்ஜாக் போடும் புதிய இயந்திரங்களில் துளை அகலமானது. அதற்குள் பட்டு உள்ளிழுக்கப்பட்டுச் சிக்கிக்கொள்ளும். தையல் தொடங்கும்போது இரு நூல்களின் நுனிகளையும் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். துணிக்கடியில் மெல்லிய காகிதப் பட்டையை வைத்துத் தைத்துப் பின் கிழித்தெடுத்தால் சுருக்கம் விழாது.

பட்டு ஓரம் நூல் நூலாகப் பிரியும் ஆதலால், பிரெஞ்சுத் தையல் போடுவது சிறப்பு. வழக்கத்துக்கு மாறாக, துணியின் உள்புறங்களை ஒன்றோடொன்று வைத்து ஓரத்திலிருந்து கால் அங்குலத்தில் ஒரு தையல். அந்த ஓரத்தைப் பாதியாகக் குறைத்துக் கத்தரித்து, திருப்பி, வெளிப்புறங்கள் உள்ளே போகும்படி மடித்துக் கால் அங்குலத்தில் இன்னொரு தையல். பிரியும் நூலெல்லாம் உள்ளே அடைபட்டுவிடும். உள்ளும் புறமும் ஒரேபோல் தோன்றும். ஒவ்வொரு ஓரத்திலும் அரை அங்குலத்துக்குக் குறையாமல் இதற்கு விட வேண்டியிருக்கும். மேலே நாம் போட்ட நாலரை மீட்டர் கணக்குக்கு இதுவும் ஒரு காரணம். கெக்கேக்கின் மூலைகளில் மட்டும் பிரெஞ்சுத் தையல் மடங்காது. அங்கே சாதாரணத் தையல் போட்டு ஓரத்தைக் கையால் சுற்றித் தைத்துவிடலாம்.

கழுத்தைச் சிறிதாகவே வெட்டுங்கள். பெரிதாக்குவது எளிது, சிறிதாக்க வழியில்லை. வெட்டியவுடன் ஓரத்தையொட்டி ஒரு ஓட்டுத் தையல் போட்டுவிட்டால் அது நீண்டு தொளதொளக்காது.

பெசாக்கை இணைப்பதில் ஒரு நுட்பம். அதன் ஒரு பக்கம் பாவின் வழியே நேராகவும், மறுபக்கம் சாய்வாகவும் இருக்கும். நேர்ப்பக்கம் உடலோடு சேரட்டும். சாய்ந்த பக்கங்கள் தமக்குள் சேரட்டும். சாய்வாய் வெட்டிய பட்டு தன் கனத்தாலேயே மெல்ல இறங்கும். தைத்த அன்றே அடிமடிப்பைப் போட்டுவிட்டால், நான்கைந்து நாட்களில் பக்கங்கள் வால்போலத் தொங்கக் காணலாம். ஆகவே உடையைத் தோளில் மாட்டி ஒரு முழு நாள் தொங்கவிட்டு, உடுத்துபவரை நிறுத்தித் தரையிலிருந்து அளந்து ஓரத்தைச் சமன்செய்து, அதன் பிறகே கையால் சுருட்டித் தைக்க வேண்டும். பெருநாளுக்கு முந்தின இரவு தைக்க உட்காருபவருக்கு இந்த ஒரு நாள் கிடைப்பதில்லை. ஆதலால் துணியைக் கட்டிக் கொடுக்கும்போதே “முன்கூட்டித் தொடங்குங்கள்” என்று சொல்லி அனுப்புங்கள்.

சிஃபானுக்கு உள்துணி இன்றியமையாதது. அவ்ரத் மறையாத உடை அழகாயிருந்து என்ன பயன்? மெல்லிய பருத்தி வாயிலோ, இலேசான பட்டோ அதற்கு ஏற்றது. நம் சீதோஷ்ணத்தில் பாலியெஸ்டர் உள்துணி வியர்வையை அடைத்து வைத்துவிடும். உள்துணியை மேல்துணியின் அகலத்துக்கே வெட்டி, கழுத்திலும் தோளிலும் மட்டும் சேர்த்துவிட்டு, அடியில் தனியே ஒரு அங்குலம் குட்டையாக விடவேண்டும். இரண்டையும் அடியில் சேர்த்துத் தைத்தால் மேல்துணியின் அசைவு போய்விடும். மிதக்கும் உடை வேண்டுமென்று பட்டு வாங்கியவருக்கு அது பெருத்த ஏமாற்றம். சிஃபான் விற்கும்போது உள்துணியையும் எடுத்துக் காட்டாத கடைக்காரர் வாடிக்கைக்காரருக்கும் உதவவில்லை, தம் கல்லாவுக்கும் உதவவில்லை.

புதுத் துணி வாங்க இயலாதோர் பழைய பட்டுச் சேலையைப் பிரித்து இவ்வுடை தைப்பதும் உண்டு. மைசூர் கிரேப் சேலை இதற்கு வாகானது. காஞ்சிபுரம் கனத்த பட்டு. காற்றில் ஆடாது, விறைத்து நிற்கும். எந்தச் சேலையானாலும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, மடிப்புக் கோடுகளில் இழை விட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். விட்டிருந்தால் அக்கோடுகளைத் தவிர்த்து மாதிரியை வைத்துக்கொள்ளலாம்.

சரக்கைக் காக்கும் விஷயம் ஒன்று பாக்கி. வெயில் பட்டின் பகை. சாயத்தை வெளுப்பதோடு இழையையும் நைந்துபோகச் செய்யும். ஐந்தடி நடைபாதையில் வெயில் படும்படி மாதக்கணக்கில் தொங்கவிட்ட துணியை, “பார்வைக்கு நன்றாகத்தானே இருக்கிறது” என்று விற்றால், அது முதல் துவைப்பிலேயே கீறிவிடும். பார்வைக்குப் பாலியெஸ்டரைத் தொங்கவிட்டு, பட்டை உள்ளே அலமாரியில் வையுங்கள். பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்து வைத்தால் பேராக் ஆற்றங்கரையின் ஈரக் காற்றில் பூஞ்சணம் பிடிக்கும். துவைத்த பழைய பருத்தித் துணியில் சுற்றி வைத்து, இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை விரித்து வேறு மடிப்பில் மடிப்பது நல்லது. பாச்சை உருண்டையைச் சரிகைமேல் படும்படி போடாதீர்கள். தனியே ஒரு முடிச்சாகக் கட்டி அலமாரியின் மேற்புறத்தில் தொங்கவிட்டால் போதும்.